கடல் மீன் தொட்டியைப் பெரிதாக்கும் முன் போட வேண்டிய கணக்கு



சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் வீட்டில் இரண்டு அடி நீளத்தில் ஒரு கடல் மீன் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் பெரிய தொட்டி கேட்கிறார்களாம். "ஆறு அடிக்கே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன் அண்ணாச்சி, உங்கள் வீட்டில் ஆறு அடித் தொட்டி இருந்ததே, எப்படி?" என்றார். "இருந்தது" என்று மட்டும் சொன்னோம். மீதியை நின்றபடி சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இதழில் வரி, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எழுதும் இடத்தில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று நம்மில் பலர் கல்லாவுக்குப் பக்கத்திலோ வீட்டுக் கூடத்திலோ தொட்டி வைத்திருக்கிறோம். வாஸ்துவுக்காக வைத்தவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளுக்காக வைத்தவர்கள் உண்டு. அதில் கடல் தண்ணீர்த் தொட்டி என்பது முதலும் உழைப்பும் அதிகம் கேட்கிற சமாசாரம். அளவு தவறினால் பணம் மட்டும் போவதில்லை, உயிர்களும் போகும். மேலும் இது முழுக்க முழுக்க நமக்குத் தெரிந்த கணக்குதான். எவ்வளவு பெரிய கிடங்கு எடுக்கலாம் என்பதற்கு நாம் போடும் கணக்கே இதற்கும் பொருந்தும்.

எங்கள் அனுபவம்

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம். கடை அக்கரையில். 2017-ல் பேரன் தொலைக்காட்சியில் 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். இரண்டு அடித் தொட்டி வாங்கினோம். கையில் கல் உப்பு மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று அதையே கரைத்து ஊற்றினோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கீழே சொல்கிறோம். மீன்கள் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. பிறகு கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை வாங்கினோம். அப்படியும் கோடையில் இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால் தண்ணீர் இறங்கி, உப்பு ஏறி, மீன்கள் சோர்ந்து கிடக்கும்.

"சின்னத் தொட்டியில் தண்ணீர் நிலையாக நிற்காது, பெரிதாக வையுங்கள்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் எவ்வளவு பெரிது என்று நாங்கள் கேட்கவில்லை. கூடத்தில் ஆறு அடிச் சுவர் காலியாக இருந்தது. ஆறு அடித் தொட்டி செய்துவிட்டோம். தொட்டி பெரிதாக இருக்கிறதே என்று மீன்களையும் பதினான்காக்கினோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியும் முன் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே வந்தது. எங்கள் தெருவில் அன்று மின்சாரம் இல்லை. இன்வர்ட்டரில் வீட்டு மின்விசிறியும் விளக்கும் தொட்டியின் மோட்டார்களும் சேர்ந்தே ஓடின. காலை பத்து மணிக்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் கடையில் இருந்தோம். டெல்டாவில் சொந்தக்காரர்கள், பற்றுவரவு வைத்திருக்கும் கடைக்காரர்கள் என்று எத்தனை பேர் கூரை இழந்து நின்றார்கள்! அரிசி, பிஸ்கட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி என்று லாரியில் ஏற்றி அனுப்புவதிலேயே பகல் போயிற்று. அந்த நேரத்தில் மீனை யார் நினைப்பார்கள்?

இரவு வீடு திரும்பியபோது மீன்கள் தண்ணீர் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்பது செத்துக் கிடந்தன. செத்தவை அழுகித் தண்ணீர் கெட்டு, அடுத்த மூன்று நாளில் மற்றவையும் போயின. தப்பியவை இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். எங்கள் மருமகள் மத்தியானமே அவற்றை ஒரு வாளியில் எடுத்துவிட்டு, பழைய தொட்டிக்கு வாங்கியிருந்த, டார்ச் பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டாரைப் போட்டு வைத்திருந்தார்.

610 லிட்டர் தண்ணீர் காப்பாற்ற முடியாததை 15 லிட்டர் வாளி காப்பாற்றியது. நன்றாக யோசித்த பிறகுதான் காரணம் புரிந்தது. வாளியில் இரண்டு மீன்; அதற்குப் போதுமான காற்று. தொட்டியில் பதினான்கு மீன். அதற்கு ஏற்ற காற்று இல்லை. ஆகவே நாங்கள் கற்றது இதுதான்: தொட்டியின் அளவைச் சுவரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நல்ல நாளில் எவ்வளவு சமாளிப்போம் என்று பார்த்தும் முடிவு செய்யக்கூடாது. வருடத்தின் மிக மோசமான நாளில் நம் வீடு எவ்வளவு தாங்குமோ, அதுதான் நமக்குச் சரியான அளவு.

இனி அதற்கான கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கணக்கு: குடம்

ஒரு கன அடியில் சுமார் 28.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் தொட்டியின் கொள்ளளவு வந்துவிடும். மேலே கொஞ்சம் இடம் விடுவதாலும் உள்ளே கல், மணல் இருப்பதாலும் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

2 x 1 x 1 அடித் தொட்டியில் 50 லிட்டர் நிற்கும். 3 x 1½ x 1½ அடியில் 170 லிட்டர். 4 x 1½ x 1½ அடியில் 230 லிட்டர். 4 x 2 x 2 அடியில் 400 லிட்டர். 6 x 2 x 2 அடியில் 610 லிட்டர்.

மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நஞ்சைக் குறைக்க, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புத் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால், இரண்டு அடித் தொட்டிக்கு வாரம் மூன்றில் ஒரு குடம். மூன்று அடிக்கு ஒரு குடத்துக்குச் சற்று மேல். 4 x 1½ x 1½ தொட்டிக்கு ஒன்றரைக் குடம். 4 x 2 x 2 தொட்டிக்கு மூன்று குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு அடிக்கு நான்கு குடம். நான்கு குடம் வெளியே, நான்கு குடம் உள்ளே. அதையும் சும்மா ஊற்ற முடியாது; முதல் நாளே உப்பைக் கரைத்து, மோட்டார் போட்டுக் கலக்கி வைக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணமும் வேறு உப்புகளும் இருக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் அதைவிட அதிகமாகவே கழிவுத் தண்ணீரை வெளியே விடும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களின் நிலை உங்களுக்குத் தெரியும். பகல்பத்து, இராப்பத்து என்று வீடு முழுக்க உறவினர். கடையிலோ பொங்கல் கொள்முதல். அந்த மூன்று வாரம் எட்டுக் குடம் தண்ணீரைத் தூக்க யார் இருக்கிறார்கள்? எங்கள் ஆறு அடித் தொட்டிக்கு முதல் மாதம் நாங்கள் வாரம் தவறாமல் மாற்றினோம். இரண்டாம் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. அதற்கப்புறம் நினைத்தபோது. நூறு மூட்டை கொள்ளும் கிடங்கு எடுத்துவிட்டு மாதம் இருபது மூட்டை விற்றால் சரக்கு தேங்கி வண்டு வைக்கும் அல்லவா? இதுவும் அப்படியே.

இரண்டாம் கணக்கு: சிப்பம்

தண்ணீர் எடை உள்ள சரக்கு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி, கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 4 x 1½ x 1½ தொட்டி சுமார் 400 கிலோ வரும். அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் 16. ஆறு அடித் தொட்டி, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியோடு சேர்த்து ஒரு டன் அளவுக்குப் போகும், 40 சிப்பம். அத்தனையும் 12 சதுர அடியில், இரவும் பகலும், வருடக்கணக்கில் நிற்கும்.

வீட்டு மாடித் தளங்களுக்கு இந்தியத் தர விதிப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ. ஆறு அடித் தொட்டி, தான் நிற்கும் இடத்தில் சதுர அடிக்கு 83 கிலோ அழுத்துகிறது. நான்கு அடித் தொட்டியே 67 கிலோ. சுமை அக்கம்பக்கம் பரவும் என்பதால் உடனே ஆபத்து என்று சொல்லவில்லை. ஆனால் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் வைக்க வேண்டாம். உத்திரமும் மரச்சட்டமும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியில் வைக்கும் எண்ணமே வேண்டாம். தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, சமமான இடத்தில் வையுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் கண்ணாடி ஒட்டுக்கு அழுத்தம் கூடும்.

இன்னொன்று. கண்ணாடி மேல் விழும் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததல்ல, தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் கூடக்கூடக் கனமான கண்ணாடி வேண்டும். தவிர, அடிமணலைச் சுத்தம் செய்யக் கை எட்ட வேண்டும். இரண்டு அடி உயரத் தொட்டியில் கைவிட்டுத் தோள்பட்டை நனையாமல் வேலை செய்ய முடியாது. ஆகவே பெரிதாக்குவதென்றால் நீளத்திலும் அகலத்திலும் கூட்டுங்கள். உயரத்தை ஒன்றரை அடியோடு நிறுத்துங்கள். தண்ணீரின் மேற்பரப்பு அகலமாக இருந்தால் காற்றும் நன்றாகக் கலக்கும்.

மூன்றாம் கணக்கு: வெயில்

சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. கடல் மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் நல்லது. கடலிலேயே சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவே சாட்சி. 1998, 2010, 2016 ஆண்டுகளில் தண்ணீர் அளவு மீறிச் சூடேறியபோது அங்கே பவளங்கள் வெளுத்துப் போயின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால் கூடத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?

இங்கேதான் சின்னத் தொட்டி தோற்கிறது. சொம்புத் தண்ணீர் சீக்கிரம் சுடும், அண்டாத் தண்ணீர் மெதுவாகச் சுடும். தண்ணீர் வற்றுவதும் அப்படித்தான். ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் வற்றுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் போகும், உப்பு போகாது. லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு, மூன்று நாள் கவனிக்காவிட்டால், இரண்டு அடித் தொட்டியில் 37 கிராம் ஆகிவிடும். நான்கு அடித் தொட்டியில் 36.3. ஆறு அடியில் 36. மேலே மின்விசிறி வைத்துக் குளிர வைத்தால் வற்றுவது இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரண்டு அடியிலிருந்து நான்கு அடிக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் பெரியது. நான்கிலிருந்து ஆறுக்குப் போகும்போது கிடைப்பது சொற்பம். ஆனால் உழைப்பும் எடையும் இரண்டரை மடங்கு ஏறிவிடுகின்றன. வியாபாரத்தில் இதை எங்கே நிறுத்துவது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வற்றிய அளவுக்கு ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல தண்ணீர். பலர் உப்புத் தண்ணீரை ஊற்றி உப்பின் மேல் உப்பு ஏற்றிவிடுகிறார்கள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடு வரை ஊற்றினால் போதும்.

நான்காம் கணக்கு: மின்சாரம்

எங்கள் இப்போதைய நான்கு அடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டார், அலை மோட்டார், நுரை பிரிக்கும் கருவி மூன்றும் சேர்ந்து சுமார் 60 வாட். நுரை பிரிக்கும் கருவி என்பது வேறொன்றுமில்லை. வெல்லப் பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை அள்ளி வெளியே போடுகிறார்களே, அதே வேலையைத் தண்ணீரில் செய்கிறது. இவை இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். விளக்கு 100 வாட், எட்டு மணி நேரம். தண்ணீர் குளிர்விக்கும் சில்லர் 250 வாட், கோடையில் நாளுக்குப் பத்து மணி நேரம். எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலரை யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் கோடையில் 280 யூனிட் கூடும். ஏற்கெனவே குளிர்சாதனம் ஓடும் வீட்டில் இது நம்மை மேல் படிக்குத் தள்ளிவிடும். அங்கே யூனிட் விலையே வேறு.

முக்கியமானது மின்தடை. 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் ஏட்டுக் கணக்குக்கு 1,800 வாட்-மணி இருக்கும்; நடைமுறையில் 1,200 என்று வையுங்கள். 60 வாட் மோட்டார்களுக்கு மட்டும் என்றால் 20 மணி நேரம் வரும். ஆறு அடித் தொட்டியின் 150 வாட்டுக்கு 8 மணி நேரம்தான். அதிலேயே வீட்டு மின்விசிறியும் ஓடினால் எங்கள் கஜா கதைதான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே நெருக்கமாக மீன் விட்ட கடல் தொட்டியில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். தொட்டிக்குத் தனி பேட்டரியும் தனி இணைப்பும் வையுங்கள். அது முடியாவிட்டால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டாவது வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது சுவாமி விளக்குக்கு எண்ணெய் வைக்கும் அலமாரியில் இருக்கிறது.

ஐந்தாம் கணக்கு: வளர்ந்த மீன்

கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் மீன் அப்படியே இருக்காது. கோமாளி மீன் மூன்று, நான்கு அங்குலத்தோடு நின்றுவிடும். ஒரு ஜோடிக்கு மூன்று அடித் தொட்டியே தாராளம். அதே படத்தில் டோரி என்று வரும் நீல மீன் ஒரு அடி வரை வளரும். ஓடித் திரியும் ஜாதி. நான்கு அடித் தொட்டியில் அதை வைப்பது பாவம். ஆகவே மீனை முதலில் முடிவு செய்து, அது முழு வளர்ச்சி பெற்றால் எவ்வளவு இடம் கேட்கும் என்று பார்த்துத் தொட்டியை முடிவு செய்யுங்கள். தொட்டி பெரிதாகிறது என்பதற்காக மீன் எண்ணிக்கையைக் கூட்டினால், பெரிதாக்கியதன் பலனை அன்றே செலவழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மண்டபத்தில் அவர்களுடைய நிலையம் இருக்கிறது. கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கு எளிதில் பழகும், கடலுக்கும் நஷ்டமில்லை. எது என்று கேட்டு வாங்குங்கள்.

உப்பைப் பற்றி

நாம் உப்பு விற்பவர்கள். ஆனாலும் இதில் ஏமாந்தோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு 27 கிராம். மீதியில் பெரும்பகுதி மெக்னீசிய உப்புகள். சுண்ணச் சத்தும் உண்டு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். பிறகு உப்பு பூக்கும். கசக்கும் மெக்னீசிய உப்புகள் படியும் முன்பு மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் கடல் உயிருக்குத் தேவையானவற்றை எல்லாம் கழித்துவிட்டுத்தான் கல் உப்பு நம் கிடங்குக்கு வருகிறது. அதைத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும். கடல் தண்ணீர் கிடைக்காது. அயோடின் சேர்த்த தூள் உப்பும் இதற்கு ஆகாது.

கடல் உப்புக் கலவை நான்கு அடித் தொட்டிக்கு மாதம் மூன்றரை கிலோ போதும். ஆறு அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் வேண்டும். தொட்டி வாங்குவது ஒரு நாள் செலவு. இது ஒவ்வொரு மாதமும்.

பவளம் வேண்டாம்

தொட்டி பெரிதானதும் "உள்ளே நிஜப் பவளம் வைத்தால்தான் அழகு" என்று யாராவது சொல்வார்கள். எங்களிடமும் ஒருவர் கொண்டு வந்து காட்டினார். விலை குறைவு, ரசீது கிடையாது. ரசீது இல்லாத சரக்கு என்றதுமே நாங்கள் கை வைக்கவில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது. பவளப்பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளது மட்டுமல்ல, செத்துக் காய்ந்த பவளத்தை வைத்திருப்பதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல் குதிரையும் அதே பட்டியலில்தான்.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காக அங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்தது உண்டு. அலையைத் தடுக்கும் பாறை போனபின் கரை அரித்து, அந்த 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. நம் கூடத்து அழகுக்கு அது வேண்டாம். செயற்கைப் பாறைகள் நல்லதாகக் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் பாசி படர்ந்து, வித்தியாசம் தெரியாமல் ஆகிவிடும்.

மாற்றும் முறை

பழைய தொட்டியிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா நஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கேடு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய தொட்டியின் கல்லிலும் வடிகட்டியிலும் இருப்பதை எடுத்துப் புதியதில் போட்டால் சீக்கிரம் பெருகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காமல் பாதியை மட்டும் மாற்றுங்கள். அந்தக் கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் உறை செத்துவிடும். பழைய மணலை அப்படியே அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அடியில் படிந்த அழுக்கு கலங்கிப் புதுத் தண்ணீரைக் கெடுக்கும். இரண்டு தொட்டியும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். அம்மோனியாச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தபின், வாரம் இரண்டு மீனாக மாற்றுங்கள்.

முடிவாக

கஜாவுக்குப் பிறகு ஆறு அடித் தொட்டியைக் கொடுத்துவிட்டோம். 2019-ல் 4 x 1½ x 1½ அடியில் ஒன்று செய்தோம். ஐந்து மீன். தனி பேட்டரி. மூன்று மாதத்துக்கு உப்புக் கலவை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மளிகை என்பதால் எங்களுக்குக் கடை உண்டு, ஓய்வு இல்லை. பார்சல் எதுவும் வரவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றரைக் குடம் தண்ணீரைப் பேரனே மாற்றினான். ஒரு மீன்கூடச் சாகவில்லை. மருமகள் வாளியில் காப்பாற்றிய அந்த ஜோடி இன்றும் இருக்கிறது. அந்த அளவு எங்கள் வீட்டுக்குச் சரியான அளவு என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

உங்கள் வீட்டுக்கு அது மூன்று அடியாக இருக்கலாம். ஆள்பலம் இருக்கும் வீட்டுக்கு ஆறு அடியும் சரியாக இருக்கலாம். வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் தொட்டிக்கு வாரம் எத்தனை குடம் என்று கணக்குப் போட்டு, நான்கு ஞாயிறு அத்தனை குடம் தண்ணீரைச் சும்மா தூக்கிக் கூடத்துக்குக் கொண்டு வந்து, திரும்ப வெளியே கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுங்கள். நான்காவது ஞாயிறும் சலிக்காமல் செய்தால் அந்தத் தொட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். இரண்டாவது ஞாயிறே "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றினால், ஒரு அடி குறைத்துக்கொள்ளுங்கள்.

காந்தி மார்க்கெட் நண்பருக்கு எங்கள் பதில் இதுதான். அவர் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு வந்தால் ஒன்றரைக் குடத்தை அவர் கையிலேயே கொடுப்பதாக இருக்கிறோம்.